அரமேயத்துக்கும் சுட்டு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எபிரேயம், அரபு, அரமேயம் முதலிய செமிட்டிய மொழிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையின் அட்டவணை எனக்குப் பெரிய ஏமாற்றம். பெயர்ச்சொல்லின் சுட்டு (குறிப்பிட்ட ஒன்றைக் காட்டும், ஆங்கில 'the' போன்ற உறுப்பு) எபிரேயத்தில் 'ஹ', அரபில் 'அல்' என்று காட்டிவிட்டு, அரமேயத்துக்கு நேரே 'இல்லை' என்று போட்டிருக்கிறார்கள். அரமேயத்தில் சுட்டு இருக்கிறது. முன்னால் தேடியதால்தான் கிடைக்கவில்லை. அது சொல்லின் கடைசியில் 'ஆ' என்று நிற்கிறது. குறிப்பிட்ட ஓர் அரசனைச் சொல்ல எபிரேயத்தில் 'ஹம்மெலெக்', அரபில் 'அல்மலிக்', அரமேயத்தில் 'மல்கா'. தமிழ் விவிலியத்தில் அப்படியே விடப்பட்டுள்ள 'கேபா' (பாறை), 'தலீத்தா' (சிறுமி) ஆகிய அரமேயச் சொற்களின் ஈறும் இதுவே.

'ஆ'வில் முடிவதெல்லாம் சுட்டு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சுட்டில்லாத பெண்பாற் பெயரும் 'ஆ'வில்தான் முடியும். 'மல்கா' என்பது 'ஓர் அரசி' என்றும் பொருள்படும். சுட்டு சேர்ந்தால் 'மல்கெதா' ஆகும். எழுத்தில் அரசனுக்குக் கடைசியில் வரும் ஆலெப் என்னும் எழுத்தும் அரசிக்கு வரும் ஹே என்னும் எழுத்தும் பெரும்பாலும் வேறுபாடு காட்டும்.

இம்மொழிகளுக்கெல்லாம் தாயான மூலச் செமிட்டியத்தில் சுட்டே கிடையாது என்பது மொழியியலாளர்கள் பரவலாக ஏற்ற முடிவு. பழைய செமிட்டிய மொழிகளான அக்காடியத்திலும் உகாரித்தியத்திலும் அது இல்லை. உ, இ, அ என்னும் வேற்றுமை ஈறுகளே இருந்தன. செவ்வியல் அரபு அவற்றை இன்றும் காக்கிறது. அரமேயத்துக்கு நெருங்கிய உறவான மொழியில் எழுதப்பட்ட, இன்றைய துருக்கியிலுள்ள சின்சிர்லிக் கல்வெட்டுகளில் (கி.மு. 8ஆம் நூற்றாண்டு) ஆண்பாற் பன்மையில் மட்டும் அந்த வேற்றுமை எஞ்சியிருக்கிறது. 'ஆ' ஈறு அங்கே இன்னும் தோன்றவில்லை. எவ்வளவு அரிய சான்று! கட்டுரை அதைத் தொடவே இல்லை.

பன்மையில் எபிரேயம் 'ஈம்', அரமேயம் 'ஈன்' என்பது சரி. ஆனால் 'ஈன்' என்பதை அரமேயத்தின் தனி அடையாளமாகக் கட்டுரை சொல்வது பொருந்தாது. மோவாப் அரசன் மேசா பொறித்த கல்வெட்டின் மோவாபிய மொழி எபிரேயத்துக்கு மிக நெருக்கமானது. அதன் பன்மையும் னகரத்தில்தான் முடிகிறது.

அரமேயத்தின் பிற்கால வடிவமான சிரியாக்கில் 'ஆ' ஈறு எல்லாப் பெயர்களிலும் வரும் இயல்பான வடிவமாகி, சுட்டுப் பொருளை இழந்தது. தென்கிழக்குத் துருக்கியின் தூர் அப்தீன் மலைநாட்டில் பிறந்த தூரோயோ என்னும் இக்கால அரமேய மொழி, பழைய ஈற்றை வைத்துக்கொண்டே முன்னால் புதுச் சுட்டை உண்டாக்கிக்கொண்டது: 'உ மல்கோ' (அந்த அரசன்). 'இல்லை' என்ற ஒரு சொல்லில் இந்த வரலாறு முழுவதும் மறைந்துபோகிறது. திருத்திய அட்டவணையை அடுத்த இதழிலேயே வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வாசகர்,
பாளையங்கோட்டை