நிறுத்திய பூச்சிமருந்துக்குப் பணம் வாங்கியது பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா, வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். கத்தரி, வெண்டை, கொய்யா, எலுமிச்சை, ரோஜா, செம்பருத்தி எல்லாவற்றுக்கும் அடிக்கலாம் என்று நீங்கள் விற்றுவந்த வேப்பெண்ணெய் மருந்தைத்தான் வருஷக்கணக்காக வாங்குகிறேன். வேம்பில் இருக்கிற பூச்சிகொல்லிச் சத்தான அசாடிராக்டின் 0.15 சதவீதம் என்று போட்டிருக்குமே, அதேதான். உங்கள் சரக்கு, உங்களுக்குத் தெரியாததா?

அதை நிறுத்திவிட்டீர்கள். சரி, அது உங்கள் வியாபாரம். ஆனால் இணையதளத்தில் அந்தப் படத்தையே வைத்திருந்து, இரண்டு பாட்டிலுக்கு 680 ரூபாய் வாங்கிக்கொண்டு, வேறு எதையோ அனுப்பினால் என்ன அர்த்தம்? பழைய பாட்டிலில் நச்சு குறைவு என்று காட்டும் பச்சை முக்கோணம். வந்திருப்பதில் நச்சு அதிகம் என்று காட்டும் மஞ்சள் முக்கோணம், கூடவே விஷம் என்ற எச்சரிக்கை. அழகுச் செடிகளுக்கு என்று மட்டும் லேபிளில் இருக்கிறது. காய்கறி, பழம் என்று ஒரு வார்த்தை கிடையாது.

நான் கேட்டது ஒரே கேள்விதான். இதைக் கத்தரிக்கு அடிக்கலாமா, அடித்தால் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம்? என் பேத்தி தக்காளியைச் செடியிலிருந்தே பறித்துத் தின்பவள். எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்து காசர்கோட்டை என்ன பாடு படுத்தியது என்று பார்த்த மாநிலம் இது. 2011-ல் உச்ச நீதிமன்றமே அதற்குத் தடை போட்டது. அதற்குப் பிறகும் பூச்சிமருந்து விற்கிற கம்பெனிக்கு இந்தக் கேள்வி தொந்தரவாகத் தெரிகிறதா?

சென்னை எண்ணுக்குப் பேசினால், "உங்க பின்கோடு கேரளா, கொச்சிக்குப் பேசுங்க" என்கிறார்கள். கொச்சியில், பில் பொள்ளாச்சி டீலர் பெயரில் இருக்கிறது, அது தமிழ்நாடு என்று திரும்பச் சென்னைக்கே தள்ளுகிறார்கள். அப்புறம் ஒருவர், நேரில் போனால் டீலரே மாற்றித் தருவார் என்றார். நம்பி, முட்டி வலியோடு கோபாலபுரம் வழியாகப் பஸ் ஏறிப் போனேன். அரை நாள் போயிற்று. கடைக்காரர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்த மருந்து வந்தே ரொம்ப நாளாச்சுங்கம்மா, கம்பெனியே நிறுத்திருச்சு. உங்கள எதுக்கு இங்க அனுப்புனாங்க?" என்று என்னையே கேட்டார். அவருக்குத் தெரிந்தது உங்கள் ஆளுக்குத் தெரியாதா?

அன்று சாயங்காலம் போனில் பேசிய உங்கள் பையனை என்னால் மறக்க முடியவில்லை. "நாலு கத்தரிச் செடிக்கா இவ்வளவு பேசறீங்க ஆன்ட்டி? வாடினா வேற வாங்கி வைங்க" என்று சொல்லிவிட்டுப் பாதியிலேயே வைத்துவிட்டான். அழைப்பைப் பதிவு செய்கிறோம் என்று முதலிலேயே சொல்கிறீர்கள் அல்லவா, எடுத்துக் கேளுங்கள். இப்படிப் பேசுவதற்கா சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறீர்கள்?

இதற்குள் தோட்டமே அழிந்துவிட்டது. கத்தரி இலையைத் திருப்பினால் அடியெல்லாம் வெள்ளை ஈ. செம்பருத்தி மொட்டுகளில் பஞ்சு ஒட்டியது போல மாவுப்பூச்சி, நகத்தால் சுரண்டினால் பிசுபிசு என்று கையில் ஒட்டுகிறது, எறும்பு வரிசை கட்டி ஏறுகிறது. செடி, எரு, உழைப்பு என்று கணக்குப் பார்த்தால் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறையாது. நீங்கள் அனுப்பிய பாட்டில் இன்னும் சீல் உடைக்காமல் பரணில் இருக்கிறது. பில்லிலும் பழைய மருந்தின் பெயர்தான் இருக்கிறது, அதையும் கவனியுங்கள்.

தயவுசெய்து 680 ரூபாயைத் திருப்பி அனுப்புங்கள், அந்தப் பாட்டில்களை உங்கள் செலவிலேயே எடுத்துப் போங்கள். நான் கேட்ட கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும். இணையதளத்தில் இருக்கும் அந்தப் படத்தையும் எடுத்துவிடுங்கள், இன்னொருவர் ஏமாற வேண்டாம்.

பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்வேன், பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. அங்கே வந்து கேரளாவா தமிழ்நாடா என்று கேட்க முடியாது. அதுவரை கொண்டுபோக எனக்கும் விருப்பமில்லை, உங்கள் மருந்தை நம்பி வாங்கியவள் நான்.

பில் நகலும் இரண்டு பாட்டில்களின் லேபிள் படங்களும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கொழிஞ்சாம்பாறை