தட்டடவு திரும்பக் கேட்கிறது

எங்கள் பரதநாட்டியப் பள்ளி குடியிருக்கும் பழைய மாளிகை பதினொரு மாதம் பூட்டிக் கிடந்து, சென்ற வாரம் திறந்தது. அன்றைக்கே எல்லோருக்கும் நேரில் நன்றி சொல்லிவிடலாம் என்று எழுந்து நின்றேன். முதலில் தொண்டை அடைத்துக்கொண்டது, அப்புறம் மைக். ஆகவே எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் இல்லை. அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி, ஆட்டத்தை நிறுத்தச் சொன்ன பொறியாளருக்கு. மேல்தளக் கூடத்தின் தரை லேசாக இறங்கியிருப்பதாகச் சந்தேகம் வந்துதான் அவரை அழைத்தோம். நூறு வயதைத் தாண்டிய வீடு. மேல்தளம் மெட்ராஸ் டெரஸ் முறையில் போட்டது: நெருக்கமாகத் தேக்கு விட்டங்கள், அவற்றின் மேல் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்தி அடுக்கிய மெல்லிய செங்கற்கள், அதற்கு மேல் செங்கல் ஜல்லி கலந்த காரை. வந்தவர் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் என்று நினைத்து ஒரு மாணவி ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். அவர் அதைக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு, "பிள்ளைகளை ஆடச் சொல்லுங்கள்" என்றார்.

முப்பது பேர் முழங்காலை மடக்கி அரைமண்டியில் நின்று, பாதத்தால் தரையைத் தட்டும் தட்டடவு ஆடினார்கள். முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், தண்ணீர் அசையவில்லை. இரண்டாம் காலத்தில் வட்ட வட்டமாக அலை எழுந்து விளிம்பைத் தாண்டி வழிந்தது. மூன்றாம் காலத்தில் அடங்கிவிட்டது. வேகம் கூடினால் ஆபத்தும் கூடும் என்று நினைத்திருந்த எங்களுக்கு இது புதிது. தரைக்கும் சொந்தமாக ஒரு தாளம் உண்டாம். காலின் தாளம் அதோடு பொருந்தும்போதுதான் ஆட்டம் பெருகுமாம். 1831இல் இங்கிலாந்தின் பிராட்டன் தொங்குபாலம், படைவீரர்கள் ஒரே நடையில் அதைக் கடந்தபோது இடிந்து விழுந்ததையும், அதன்பின் பாலங்களில் நடையைக் கலைத்துக்கொண்டு செல்ல உத்தரவிட்டதையும் சொன்னார். "உங்கள் பிள்ளைகளைத் தாளம் தப்பி ஆடச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். அப்படி ஆடாதே, ஆடாதே என்றுதான் இத்தனை ஆண்டாகத் தாளம் தட்டும் தட்டுக்கழியும் கையுமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

சுவருக்குள் புகுந்திருந்த விட்ட முனைகளில் நான்கு உளுத்துப் போயிருந்தன. காரணம் எங்கள் அறியாமை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஒப்பந்ததாரர் வெளிச்சுவர் முழுக்கச் சிமென்ட் பூசிக் கொடுத்தார். வழவழப்பைப் பார்த்து மகிழ்ந்து பணத்தை எண்ணிக் கொடுத்தவள் நான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியிலும் விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட, ஈரம் உள்ளேயே தங்கி மரத்தைத் தின்றுவிட்டது.

இதை எனக்குப் புரியவைத்தவர் கொத்தனார் பெரியவர். சிமென்டைக் கொத்தி எடுக்கவே அவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பிறகு சுண்ணாம்பை ஊறவைத்துச் சலித்து, மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்தார். நான் வாரம் தவறாமல் "எப்போது முடியும்?" என்று கேட்பேன். "அது காற்றைக் குடித்து இறுகவேண்டும் அம்மா, நீங்கள் கேட்பதால் இறுகாது" என்பார். பிள்ளைகள் ஆடுவதற்கு முன் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதை ஒரு நாள் பார்த்துவிட்டு, "கும்பிட்டுவிட்டு இந்த மிதி மிதிக்கிறீர்களே" என்றார். அதற்காகத்தான் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிறோம் என்றேன். சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை.

தச்சர் விட்டங்களின் உளுத்த முனைகளை மட்டும் அறுத்தெடுத்து, பழைய தேக்கோடு புதுத் தேக்கை இணைத்தார். கீழ்க்கூடத்தில் சட்டங்கள் மேல் பலகை பாவிய தரையும் அவர் கைவேலை. இனி காலைத் தட்டி ஆடும் அடவு வகுப்புகள் அங்கேதான். மேலே, தாளம் தட்டி ஆட்டுவிக்கும் நட்டுவாங்கமும், முகத்தால் பேசும் அபிநயமும் நடக்கும்.

இடைப்பட்ட மாதங்களில் தன் உணவுக்கூடத்தை மாலைதோறும் ஒழித்துக் கொடுத்த அண்டைப் பள்ளிக்கு நன்றி சொல்ல வார்த்தை போதாது. ஆனால் அது சிமென்ட் தரை. மூன்றாவது வாரமே பிள்ளைகளுக்குக் கணைக்கால் எலும்பில் வலி வந்துவிட்டது. ஒரு மாணவியின் தாயார், இயன்முறை மருத்துவர், வந்து பார்த்து, குதிப்பதையும் ஓங்கித் தட்டுவதையும் நிறுத்தச் சொன்னார். வேறு வழியின்றி, அபிநயத்துக்கான பாடல்களான பதங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கால் ஓய்ந்திருந்த அந்த நாட்களில் முகம் பேசக் கற்றுக்கொண்டவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். இதை அந்த மருத்துவருக்குத் தனியாகவும் சொல்லிவிட்டேன்.

மாளிகையின் உரிமையாளர்களுக்கு என்ன சொல்வது? இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்று வருகிறவர்களை உட்காரவைத்து, மரியாதையாகப் பேசி, வெறுங்கையோடு அனுப்பிவைக்கிறார்கள். வேலை நடந்த மாதங்களுக்கு வாடகையும் வாங்கவில்லை. ஞாயிறுதோறும் கூடை கூடையாகக் காரையை அள்ளிப் போட்ட பெற்றோருக்கும், முன்னாள் மாணவர்களுக்கும் நன்றி. காலை ஆறு மணித் தட்டுக்கழிச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் பக்கத்து வீட்டாருக்கும்தான். சத்தம் நின்றுபோனதால் எழுந்திருக்க நேரமாகிறது என்று அவர்களே குறைப்பட்டுக்கொண்டது எனக்கு எந்த விருதையும்விடப் பெரிது.

திறந்த அன்று பொறியாளர் மறுபடி டம்ளர் கேட்டார். இம்முறை கீழ்க்கூடம், மூன்று காலங்களும். தண்ணீர் சிந்தவில்லை. அதை எடுத்துக் குடித்துவிட்டுப் புறப்பட்டார்.

தச்சருக்கு மட்டும் ஒரு வார்த்தை: மேல்தளத்தில் கிழக்குப் பக்க ஜன்னலை இன்னும் சாத்த முடியவில்லை. வருகிறேன் என்று சொல்லி மூன்று வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது.