இருபதாம் எண் சட்டை

அன்புள்ள ராமநாதன்,

நான்கு மாதங்களாக உனக்குப் பதில் எழுதாமல் இருந்ததற்கு மூட்டுவலி, பேரன், இந்த ஊர் வெக்கை என்று மூன்று காரணங்களைத் தயாராக வைத்திருந்தேன். மூன்றையும் நீ நம்ப மாட்டாய் என்பதால் விட்டுவிடுகிறேன். உன் கடிதத்தின் கடைசி வரியில் இருந்த கேள்விக்குப் பயந்துதான் எழுதவில்லை. மகளும் மாப்பிள்ளையும் நலம். என் சர்க்கரை அளவைக் கேட்காதே. உன்னுடையதை நானும் கேட்கவில்லை.

போன வாரம் ஹாலோவீன். பேய் வேடம் போட்ட பிள்ளைகள் மிட்டாய்க்காக வாசலில் மணியடித்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளை திடீரென்று எழுந்து வானொலியின் ஒலியைக் கூட்டினார். கரகரவென்று ஒரு பழைய வர்ணனை. பின்னணியில் கூட்டத்தின் இரைச்சல் ஏற ஏற, வர்ணனையாளரின் குரல் அதற்குள் மூழ்கிப்போயிற்று. 1959 அக்டோபர் 31 இரவு இதே பேட்டன் ரூஜ் நகரில் ஒருவன் ஓடிய ஓட்டமாம் அது. மார்கழியில் நம் தெருவில் திருப்பாவை ஒலிப்பதுபோல, இங்கே ஆண்டுதோறும் இந்த நாளில் அதை ஒலிபரப்புகிறார்கள்.

ஓடியவர் பெயர் பில்லி கேனன். லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணி; சட்டை எண் 20. இவர்களுடைய கால்பந்து நம்முடையது அல்ல என்பது உனக்குத் தெரியும். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்குக் கால்பந்து என்று எப்படிப் பெயர் வைத்தார்கள் என்று நம் அணியின் கோல்கீப்பர் பாண்டி கேட்டிருந்தால் விடிய விடியச் சண்டை நடந்திருக்கும். அன்று மிசிசிப்பி பல்கலைக்கழகத்திடம் 0-3 என்று பின்தங்கியிருந்தபோது, கடைசிக் கால்பகுதியில், எதிரணி உதைத்த பந்து கேனனின் எல்லைக்கு வெகு அருகில் வந்து துள்ளியது. அவ்வளவு உள்ளே வரும் பந்தைத் தொடக் கூடாது என்பது பயிற்சியாளரின் கட்டளை. கேனன் தொட்டார். பிடிக்க வந்தவர்களை ஒவ்வொருவராக உதறிவிட்டு 89 கெஜம் ஓடினார். ஆட்டம் 7-3 என்று முடிந்தது. அந்த ஆண்டின் மிகச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையும் அவருக்கே கிடைத்தது. அடுத்த வாரமே டென்னசியிடம் 13-14 என்று தோற்றார்கள். அதை எந்த வானொலியும் ஒலிபரப்புவதாகத் தெரியவில்லை.

கதை அத்தோடு நின்றிருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். தொழில்முறை ஆட்டத்துக்குப் போகும்போதே இரண்டு அணிகளோடு ஒப்பந்தம் போட்டு நீதிமன்றம் வரை போன மனிதர் அவர். ஆடிக்கொண்டே பல் மருத்துவம் படித்து, இந்த ஊரிலேயே பல் சீரமைப்பு மருத்துவராகக் கொடிகட்டிப் பறந்தார். 1983இல் கள்ளநோட்டு வழக்கில் பிடிபட்டார். அச்சடித்தது சுமார் 60 லட்சம் டாலர், எல்லாம் நூறு டாலர் நோட்டுகள். அதில் ஒரு பகுதியைப் பனிக்கட்டிப் பெட்டிகளில் அடைத்து மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்தார்கள். ஐந்தாண்டுத் தண்டனையில் பாதியைக் கழித்துவிட்டு வெளியே வந்தார். கல்லூரிக் கால்பந்தின் புகழ்க்கூடம், அவர் பிடிபட்ட 1983இலேயே அவருக்கு அறிவித்திருந்த கௌரவத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மீண்டும் தேர்ந்தெடுக்க 2008 வரை ஆயிற்று.

ஆனால் ராமநாதா, என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதற்கு இடைப்பட்ட காலம். வெளியே வந்தவருக்குத் தொழில் முன்போல் நடக்கவில்லை. கடைசியில் வேலை கொடுத்தது ஒரு சிறைச்சாலை. அங்கோலா என்கிறார்கள், மூன்று பக்கமும் மிசிசிப்பி ஆறு வளைந்தோட, பழைய அடிமைத் தோட்டத்தின் மீது எழுந்த, ஆயுள் கைதிகள் நிறைந்த சிறை. 1990களில் அங்கே பல் மருத்துவராகச் சேர்ந்து, குலைந்து கிடந்த மருத்துவப் பிரிவை ஒழுங்குக்குக் கொண்டுவந்து, முதுமை வரை அங்கேயே வேலை பார்த்தார். கைதிகள் அவரை 'லெஜெண்ட்' என்றே கூப்பிட்டார்களாம். கைதியின் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைத் தாழ்த்தும்போது, நாற்காலியில் இருப்பவனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் எண்ணியிருப்பாரா என்று நான் யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

2018 மே மாதம் இறந்தார். அதே ஆண்டு மைதானத்துக்கு வெளியே சிலை வைத்தார்கள். ஹாலோவீனுக்கு மறுநாள் காலை பேரனை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். சிலையருகே நின்றிருந்த ஒரு முதியவர், நான் கேட்காமலேயே ஓட்டத்தைச் சொன்னார். அதே மூச்சில் நோட்டடித்ததையும் சொன்னார். குரல் எங்கும் தாழவில்லை.

நாம் அப்படியா சொல்கிறோம்? மண்டலப் போட்டியின் இறுதியாட்டத்தில் தடுக்கப்பட்ட அந்த இரண்டு பெனால்டிகளை நம் பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்போம்! சொல்லும்போதெல்லாம் 'நம்ம கோலி' என்கிறோம். பாண்டி என்ற பெயர் நம் வாயில் வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆட்டத்தை வைத்துக்கொண்டு ஆளை அழித்துவிட்டோம்.

பாண்டி செய்ததைச் சிறிதாக்கவும் எனக்கு மனம் வரவில்லை. கேனன் அடித்த நோட்டு யார் வீட்டு உலையிலும் நேரடியாகக் கை வைக்கவில்லை என்று வாதாடலாம். பாண்டி கை வைத்தான். அவன் கையாடிய அந்தச் சங்கத்துப் பணத்தில் என் அத்தை மாவரைத்துச் சேர்த்த பதினோராயிரமும் இருந்தது. ஐம்பதாம் ஆண்டுச் சந்திப்புக்கு அவனைக் கூப்பிடலாமா என்று நீ முதலில் தொலைபேசியில் கேட்டபோது, "அவன் வந்தால் நான் வரமாட்டேன்" என்று கத்தியதும் அதனால்தான். கடிதத்தில் அதையே மறுபடி, எவ்வளவோ பணிவாக, நீ கேட்டிருந்தாய். உன் பணிவுதான் என்னைக் குத்தியது. விடுதி உணவுக்கூடத்தில் என்னிடம் இவ்வளவு மரியாதையாக நீ ஒரு கரண்டி சாம்பார்கூடக் கேட்டதில்லை.

அவனுக்கு அழைப்பிதழை நீ அனுப்பாதே. முகவரியை எனக்கு அனுப்பு, நான் எழுதுகிறேன். வருவதும் வராததும் அவன் விருப்பம். அதற்கு முன் அத்தையிடம் நான் பேசியாக வேண்டும். எண்பத்தெட்டு வயதாகிறது, அந்தப் பதினோராயிரத்தை ஒரு ரூபாய் பிசகாமல் இன்னும் சொல்கிறார். தையில் ஊருக்கு வந்ததும் முதல் வேலை அதுதான். நீயும் கூட வா. தனியாகப் போகப் பயமாக இருக்கிறது.

உன்,
சேது