ஆண்டறிக்கை 2024–25: ஒரு கதவு, நான்கு கீல்

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை, பொழுதுபோக்காகக் கொல்லு வேலை செய்யும் நம் சங்கம் செய்தவற்றையும் செய்ய நினைத்து முடியாமல் போனவற்றையும் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். சென்ற ஆண்டு அறிக்கையில் சாதனைகள் மட்டுமே இருந்தன என்று இரண்டு பேர் குறைப்பட்டுக்கொண்டார்கள். இந்த ஆண்டு அந்தக் குறை வராது.

ஆண்டுத் தொடக்கத்தில் 27 பேர் இருந்தோம், இப்போது 31. பாதிக்கு மேல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இராது என்பதற்கு திருச்சியில் நம் பகுதியைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது. புதிதாகச் சேர்ந்தவர்களில் இரண்டு கல்லூரி மாணவர்கள், ஒரு தச்சர், ஒரு செவிலியர். செவிலியர் சேர்ந்தது நம் அதிர்ஷ்டம். காரணம் பின்னால் வருகிறது.

ஞாயிறு காலை 7 முதல் 11 வரை பட்டறை நடந்தது. சத்தம் பற்றி எதிர்வீட்டிலிருந்து ஜூனில் புகார் வந்தது. நியாயமான புகார்தான். இரும்பை வைத்து அடிக்கும் பட்டறைக் கல்லை மணல் நிரப்பிய மரப்பெட்டியின் மேல் உட்கார வைத்து, இடுப்பில் கனமான சங்கிலியைச் சுற்றிவிட்டோம். கோயில் மணி போல ஒலித்தது இப்போது 'டொக்' என்று அடங்கிவிடுகிறது. எதிர்வீட்டு அம்மா தீபாவளிக்கு அதிரசம் கொடுத்தனுப்பினார். புகார் தீர்ந்ததாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது பட்டறைக் கல் வாங்குவது பற்றிச் செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. ஒரு தண்டவாளத் துண்டு இருந்தால் போதும், கிடைக்கும் என்றார்கள் சிலர். நாம் இருப்பது ரயில்வே பணிமனை உள்ள பொன்மலைக்குப் பக்கத்தில். கணக்கில்லாத தண்டவாளத் துண்டு நம் கொட்டகையில் கிடந்தால், ரயில்வே சொத்து பற்றிய 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி, அது எப்படி வந்தது என்று நாம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பில் இல்லாத தண்டவாளம் வேண்டாம் என்று தீர்மானம் நிறைவேறியது. பழைய இரும்புக் கடையில் பில்லோடு வாங்கிய 60 கிலோ எஃகுக் கட்டைதான் இப்போது இரண்டாவது கல்.

இனி இந்த ஆண்டின் முக்கிய வேலைக்கு வருகிறேன்.

மே மாதம் நடந்த செய்முறைக் கூட்டத்துக்கு, பரம்பரையாகக் கொல்லு வேலை செய்யும் பெரியவர் ஒருவரை அழைத்திருந்தோம். நம் உறுப்பினர்கள் செய்த கீல்களை மேஜைமேல் துணி விரித்து வைத்திருந்தோம். நுனியில் இலை, சுருள், மாங்காய் என்று விதவிதமாக 11 கீல்கள். அவர் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், திருப்பி வைத்தார். கடைசியில், "கீலு அழகா இருக்கு சார். கதவு எங்க?" என்றார்.

யாரிடமும் பதில் இல்லை. அந்த 11 கீல்களில் ஒன்றுகூட எந்தக் கதவையும் தாங்கியதில்லை. ஒன்றுக்கொன்று ஜோடியும் இல்லை. அடுத்த வாரமே கதவு தேடினோம். நம் தெரு வாசகசாலையின் இரட்டைக் கதவு பல வருடங்களாகத் தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. திறக்க வேண்டுமென்றால் ஒரு கையால் தூக்கிக்கொண்டு தள்ள வேண்டும். அரைவட்டமாகத் தரையில் தடம் விழுந்திருந்தது. நிர்வாகிகளிடம் கேட்டதும் சம்மதித்தார்கள். இதைவிடக் கெட்டுப்போக அந்தக் கதவில் ஒன்றுமில்லை என்பதுதான் காரணமோ என்னவோ.

வேலை தொடங்கும் முன் பழைய கதவுகளைப் பார்க்க ஆகஸ்டில் 14 பேர் வேனில் காரைக்குடி போனோம். முனீஸ்வரன் கோயில் தெருவில் இடித்த வீடுகளின் சாமான்கள் விற்கும் கடைகளில் அரை நாள் சுற்றினோம். பெரிய வாசல் கதவுகளில் கீலே இல்லை என்பதைப் பலர் அன்றுதான் கவனித்தார்கள். கதவுப் பலகையின் ஓரத்திலேயே மேலும் கீழும் குடுமி விட்டு, அதை நிலையின் குழியில் சொருகிச் சுழலவிடுவதுதான் நம் ஊர்ப் பழைய முறை. கோயில் வாசல்களின் கல்லில் வட்டக் குழி இருக்குமே, அது இந்தக் குடுமி உட்காரும் இடம். பாரமெல்லாம் நேராகக் கீழே கல்லில் இறங்கிவிடும், ஆணி எதுவும் இழுபடாது. கதவைக் கீலில் தொங்கவிட்டால் அந்தப் பாரத்தை நாலைந்து திருகாணியும், கீல் மாட்டிச் சுழல நிலையில் அடிக்கும் இரண்டு முளையும் சுமக்க வேண்டும். கீல் செய்யப் போனவர்கள் கீல் இல்லாத கதவைப் பார்த்து மெச்சிவிட்டுத் திரும்பினோம். வழியில் புதுக்கோட்டையில் சாப்பாடு. அந்தச் செலவு பற்றிப் பொருளாளர் சொல்வார்.

வாசகசாலைக் கதவின் ஒரு பலகையைக் கழற்றிப் பழைய பேப்பர்க் கடைத் தராசில் நிறுத்தோம். 34 கிலோ. அகலம் 60 செ.மீ. நம் கணித ஆசிரியர் கரும்பலகையில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே பதிவு செய்கிறேன். கதவின் பாரம் அகலத்தின் நடுவில், அதாவது கீலிலிருந்து 30 செ.மீ. தள்ளி இறங்குகிறது. இரண்டு கீல்களுக்கும் இடைவெளி 150 செ.மீ. என்றால், மேல் கீலை நிலையிலிருந்து பிடுங்கப் பார்க்கும் இழுப்பு 34 × 30 ÷ 150, ஏறத்தாழ 7 கிலோ. கீழ்க் கீல் அதே அளவு உள்ளே அழுத்தப்படும். இடைவெளியை 50 செ.மீ. ஆகக் குறைத்தால் இழுப்பு 20 கிலோவைத் தாண்டிவிடும். பழைய கதவில் யாரோ மேல் கீலை ஒரு முறை கழற்றிக் கீழே இறக்கி அடித்திருந்தார்கள். கதவு தொங்கிப்போன காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது.

கீலுக்கு 40 × 6 மி.மீ. பட்டை எடுத்தோம். மீட்டருக்கு 1.9 கிலோ. ஒரு கீலுக்கு அரை மீட்டர்கூட வேண்டாம், ஏனென்றால் நுனியைக் கூராக்கும்போது பட்டை நீளும். 40 மி.மீ. அகலத்தை 12 மி.மீ. வரை சரித்துக்கொண்டு போனால், 15 செ.மீ. துண்டு 23 செ.மீ. ஆகிவிடும். இதை முன்கூட்டியே கணக்கிடாமல் வெட்டியதால் முதல் கீல் கதவின் மறுஓரத்துக்கே போய்விட்டது. அது இப்போது கொட்டகையில் துணி மாட்டும் கொக்கியாக இருக்கிறது.

கண், அதாவது முளை நுழையும் வளையம், உருட்டுவதில்தான் நாங்கள் அதிகம் அவமானப்பட்டோம். முளை 12 மி.மீ. கனம். 12ஐ 3.14ஆல் பெருக்கி, 38 மி.மீ. போதும் என்று குறி வைத்து, அந்தக் குறியிலிருந்து 25 மி.மீ. தள்ளித் திருகாணி ஓட்டைகளையும் போட்டு முடித்துவிட்டார் ஒருவர். (அந்த ஒருவர் இந்தச் செயலாளர்தான்.) உருட்டினால் கண், குறியைத் தாண்டி இன்னும் 20 மி.மீ. பட்டையை விழுங்கிவிட்டது. முதல் ஓட்டை கண்ணை ஒட்டிப் போய் நின்றது, திருகாணித் தலை உட்காரவே இடமில்லை. பட்டைக்கும் 6 மி.மீ. கனம் இருக்கிறதே, அதையும் சேர்க்க வேண்டும். முளை சுழல அரை மி.மீ. இடம் விட்டு, 12.5ஓடு 6ஐக் கூட்டி 3.14ஆல் பெருக்கினால் 58 மி.மீ. ஓட்டையை எப்போதும் கடைசியில் போடுவது என்பது இப்போது சுவரில் எழுதி மாட்டியிருக்கிறது.

உருட்டும் முறையைப் பெரியவரே நின்று காட்டினார். பட்டையின் நுனியை முதலில் கொஞ்சம் மெலிதாக்கிக்கொள்ள வேண்டும். அதை விட்டுவிட்டால் கடைசி ஒரு சென்டிமீட்டர் வளையாமல் விறைத்து நிற்கும், கண் முட்டை வடிவில் வரும். ஆரஞ்சு நிறம் வந்ததும் கல்லின் மறு ஓரத்துக்கு வெளியே நுனியை நீட்டி, மெதுவாகக் கீழ்நோக்கி மடித்தார். அப்புறம் பட்டையைத் திருப்பிப் போட்டார். மடிந்த நுனி இப்போது மேலே பார்த்தது. அதைத் தன்னை நோக்கி, தள்ளிவிடுகிற மாதிரி அடித்தார். ஓங்கி ஒரு அடிகூட இல்லை. பாய் சுருட்டுவது போலச் சுருண்டு வந்தது. செக்கச் சிவந்து மங்கத் தொடங்கியதும் அடியை நிறுத்திவிட்டு மறுபடி உலையில் வைத்தார். நாங்கள் அந்த நிறத்தில்தான் இன்னும் நாலு அடி போடுவோம்.

கண்ணின் நுனியைப் பட்டையோடு உலையிலேயே பற்றவைக்கவும் முயன்றோம். நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் (போராக்ஸ்) வாங்கித் தூவி, வெள்ளை கலந்த மஞ்சள் வரும்வரை ஊதினோம். பெரியவர் வைத்தது ஒட்டியது. நாங்கள் வைத்த மூன்றும் மத்தாப்பாகச் சிதறின. 7 கிலோ இழுப்புக்கு 6 மி.மீ. கண் பற்றவைக்காமலேயே தாங்கும் என்பதால் விட்டுவிட்டோம். மின்சார வெல்டிங்கில் ஒரு பொட்டு வைத்தால் என்ன என்று கேட்டவர்களுக்கு: வைக்கலாம், ஆனால் பொழுதுபோக்குக்குத்தானே வருகிறோம்.

முளைகளை 16 மி.மீ. சதுரக் கம்பியில் செய்தோம். ஒரு கை நிலையில் இறங்கக் கூராக, மறு கை உருண்டையாக, 'ட' எழுத்துப் போல. அக்டோபரில், ஆயுத பூஜைக்கு மறுவாரம் கதவை மாட்டினோம். வலது பலகை வெண்ணெயாகச் சுழன்றது. இடது பலகையைச் சாத்தினால், கையை எடுத்ததும் தானே திறந்துகொண்டது. ஆவி என்றார்கள் மாணவர்கள். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் மேல் முளை கீழ் முளைக்கு நேராக இல்லை, 4 மி.மீ. விலகல். இரண்டு முளையும் ஒரே செங்குத்துக் கோட்டில் இல்லாவிட்டால் கதவு தனக்கு வசதியான பக்கம் போய் நிற்கும். கீல் ஒவ்வொன்றையும் அரை மி.மீ. சுத்தமாகச் செய்துவிட்டு, முளை அடிப்பதைக் கண்ணளவில் முடித்திருந்தோம். தச்சர் உறுப்பினர்தான் காப்பாற்றினார். முளையைப் பிடுங்கி, ஓட்டையில் தேக்குக் கட்டையை அடைத்து, 4 மி.மீ. தள்ளிப் புது ஓட்டை போட்டார். அரை நாள் வேலை. இனி தூக்குக்குண்டு இல்லாமல் முளை அடிக்கக் கூடாது என்கிறார், ஒப்புக்கொள்கிறேன்.

அவர் சொன்னபடியே மேல் முளைகளைத் தலைகீழாக, கீழ்நோக்கி வைத்து, பட்டைகளைக் கடைசியில் முடுக்கினோம். இப்படிச் செய்தால் கதவை யாரும் தூக்கிக் கழற்றிக்கொண்டு போக முடியாது. பாரம் முழுவதும் கீழ் முளையில் உட்காரும் என்பதால் அங்கே பித்தளை வாஷரும் கிரீசும் வைத்திருக்கிறோம்.

மெருகு பற்றி ஒரு வார்த்தை. இரும்பு இன்னும் சூடாக இருக்கும்போது எண்ணெய் தடவினால் கறுப்பேறித் துருவைத் தள்ளிப்போடும். ஒரு உறுப்பினர் வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவினார். அது காயும் எண்ணெய் இல்லை. ஒரு மாதத்தில் அந்தக் கீல் தெருப்புழுதி முழுவதையும் சேர்த்துக்கொண்டது. பெயிண்டுக் கடையில் கிடைக்கும் லின்சீட் ஆயில்தான் காய்ந்து படலமாக நிற்கிறது. ஆனால் அது தடவிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடவும்.

விபத்து ஒன்று. ஜனவரியில் ஒரு மூத்த உறுப்பினர் துத்தநாகம் பூசிய பட்டையை உலையில் வைத்துவிட்டார். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும், நம் உலை அதை எளிதில் தாண்டும். பஞ்சு போல வெள்ளைப் புகை வந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று இரவு அவருக்குக் குளிர் நடுக்கம், காய்ச்சல், நெஞ்சில் இறுக்கம். ஃப்ளூ என்று வீட்டில் கஷாயம் வைத்துக்கொண்டிருந்தார்கள். காலையில் நடந்ததைக் கேட்ட மாத்திரத்தில், இது உலோகப் புகைக் காய்ச்சல் என்று சொல்லி மருத்துவமனைக்கு அனுப்பியவர் நம் செவிலியர் உறுப்பினர். அடுத்த நாளே சரியாகிவிட்டது. பளபளவென்று பூச்சு உள்ள எந்த இரும்பும் இனி உலைக்குள் போகக் கூடாது. அமிலத்தில் ஊறவைத்துப் பூச்சை எடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டும் வரவேண்டாம்.

கரி: சீமைக்கருவேலக் கரியிலேயே ஆண்டு முழுவதும் ஓட்டினோம். பொறி அதிகம் பறக்கிறது, நைலான் சட்டைக்காரர்கள் கவனிக்கவும். கொட்டாங்குச்சிக் கரி சூடு நன்றாகத் தருகிறது, ஆனால் பையைத் திறந்து மூடுவதற்குள் தீர்ந்துவிடுகிறது. கொட்டகைக் கூரை ஒழுகுகிறது. போன ஆண்டும் ஒழுகியது, அறிக்கையிலும் எழுதினேன்.

வரும் ஆண்டில் வாசகசாலையின் ஆறு ஜன்னல்களுக்குக் கீல் கேட்டிருக்கிறார்கள். 24 கீல்கள், எல்லாம் ஒரே மாதிரி. யார் யார் எத்தனை என்று பட்டியல் போட்டுவிட்டுத்தான் இன்று கலைய வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு காசு வாங்காமல் ஆறு ஞாயிறு வந்து நின்ற பெரியவருக்கு, அவர் மறுத்தும், சங்கத்தின் சார்பில் வேட்டி சட்டை வைத்துக் கொடுத்தோம். அடுப்பு வேலைக்கும் அசராமல் தேநீர் கொடுத்த உறுப்பினர் குடும்பங்களுக்கு நன்றி.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அது முடிந்ததும் வடையும் காபியும் வாசகசாலையில். கதவைத் திறப்பவர்கள் பழைய பழக்கத்தில் தூக்க வேண்டாம், தள்ளினால் போதும்.

செயலாளர்