பழைய கணினியைச் சரிசெய்து தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கணினி பழுதுபார்க்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கணினியைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "ரொம்ப மெதுவாகிவிட்டது, கொஞ்சம் வேகமாக ஓடுகிற மாதிரி செய்துகொடுங்கள்." பாதுகாப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டும் என்றே அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கேட்காமல் விட்டதைப் பற்றித்தான் இந்த மடல்.

சுற்றத்தில் யார் கணினி முரண்டு பிடித்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். அதனால் சர்வீசுக்குப் போய் வந்த கணினிகளைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி வாய்க்கிறது. அண்மையில் பார்த்த ஒன்று: ஃபார்மட் செய்து புதிதாக விண்டோஸ் போட்டிருந்தார்கள். ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், விண்டோஸ் அப்டேட் சேவை முடக்கப்பட்டிருந்தது. விண்டோஸுடனே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் ஆன் செய்யப்பட்டிருந்தாலும், சோதிக்க வேண்டாதவற்றின் பட்டியலில் சி டிரைவ் முழுவதையும் சேர்த்துவிட்டிருந்தார்கள். குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு ஆக்டிவேட்டர், அதாவது உரிமம் வாங்காமலே விண்டோஸை வாங்கியதுபோல் காட்டும் திருட்டு நிரல், உட்கார்ந்திருந்தது. அது வேலை செய்வதற்காகத்தான் டிஃபெண்டரின் கண்ணைக் கட்டியிருக்கிறார்கள். இருந்த ஒரே கணக்கு அட்மின் கணக்கு, அதற்கும் பாஸ்வேர்டு இல்லை. எதையாவது நிறுவும்போது "அனுமதிக்கட்டுமா?" என்று கேட்கும் பெட்டியும் அணைக்கப்பட்டிருந்தது. அந்த வீட்டில் வங்கிக் கணக்கு பார்ப்பதும் அந்தக் கணினியில்தான்.

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்பது புரியாமல் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 10 ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் என்ற நெடுவரிசை 100 சதவீதத்தில் நிற்கும். அப்டேட் ஒரு பக்கம், வைரஸ் ஸ்கேன் ஒரு பக்கம், தேடலுக்கான இண்டெக்ஸ் ஒரு பக்கம் என்று எல்லாம் சேர்ந்து டிஸ்க்கைப் பிடித்து இழுக்கும். இவற்றை அணைத்தால் உடனே பலன் தெரியும், வந்தவரும் சந்தோஷமாகப் போவார். ஆனால் குற்றவாளி அப்டேட்டும் ஸ்கேனும் இல்லை, அந்த டிஸ்க்தான். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்கவே சுமார் 11 மில்லிவிநாடி ஆகும். படிக்கும் தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை எடுக்கும்போது விநாடிக்கு நூறு இடங்களைக்கூட அதனால் எட்ட முடியாது. விண்டோஸ் ஆரம்பமாகும்போது படிக்கும் கோப்புகளோ ஆயிரக்கணக்கில். சுழலும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் சாதாரண சாட்டா எஸ்எஸ்டி இதே வேலையை விநாடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். பத்து ஆண்டுக்கு மேலான கணினியிலும் பொருந்தும். அதை மாட்டிவிட்டால் அப்டேட் பின்னால் ஓடுவதே பெரும்பாலும் தெரியாது. ராம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குவது அடுத்த வேலை. இந்த இரண்டையும் விட்டுவிட்டு அனிமேஷனை நிறுத்துவது, வால்பேப்பரை எடுப்பது, ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் பேஜ் ஃபைலை அணைப்பது எல்லாம் வீண்வேலை. பேஜ் ஃபைலை அணைப்பது கெடுதலும்கூட: ராம் நிரம்பியதும் நிரல்கள் பொத்தென்று மூடிக்கொள்ளும்.

இன்னொன்று. "மெதுவாகிவிட்டது" என்ற புகார் சில சமயம் டிஸ்க் சாகப்போவதற்கான அறிகுறி. ஃபார்மட் பட்டனை அழுத்தும் முன் அதன் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்புகளைப் பாருங்கள், அதற்கு இலவச நிரல்களே போதும். படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதிகளின்) எண்ணிக்கை பூஜ்யம் இல்லையென்றால், அன்று செய்ய வேண்டிய முதல் வேலை படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்துக்கு நகலெடுப்பதுதான். அந்த டிஸ்க்கிலேயே திரும்ப விண்டோஸ் போட்டுக் கொடுத்தால் கொஞ்ச நாளில் கணினி உங்களிடமே திரும்பி வரும், உள்ளே இருந்த புகைப்படங்கள் வராது.

ஃபார்மட்டே தேவைப்படாத வேலைகளும் நிறைய. திரையின் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்று பெட்டி பெட்டியாக எகிறுகிறது என்று பதறி வருவார்கள். பல சமயம் அது வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளத்தில் "அனுமதி" என்பதை அழுத்தியிருப்பார்கள், பிரவுசர் வழியாக நோட்டிஃபிகேஷன் வந்துகொண்டிருக்கும். பிரவுசர் அமைப்புகளில் நோட்டிஃபிகேஷன் பகுதியைத் திறந்து, தெரியாத தளங்களை நீக்கி, கூடவே தேவையில்லாத எக்ஸ்டென்ஷன்களையும் எடுத்துவிட்டால் இரண்டே நிமிட வேலை. அதேபோல, தினமும் ஷட் டவுன் செய்கிறேன் என்பார்கள். டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் பல நாளாகத் தொடர்ந்து ஓடுவதாகக் காட்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும்வரை ஷட் டவுன் என்பது பாதி உறக்கம்தான், ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாக அணைந்து எழும். இதைச் சொல்லிக் கொடுத்தாலே பலருடைய பிரச்சினை தீரும். லேப்டாப் என்றால் ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், சூடு ஏறினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அப்புறம் இந்த 'கிளீனர்'கள். விண்டோஸும் நிரல்களும் தங்கள் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்தால் வேகம் கூடும் என்று நம்பி ஒவ்வொரு கணினியிலும் ஒன்றைப் போட்டு அனுப்புகிறீர்கள். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களுக்கு ஆதரவு தருவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. பல லட்சம் உள்ளீடுகளில் சில நூறு பழையவற்றை எடுப்பதால் எந்த வேகமும் வராது. ஆபத்துக்கும் உதாரணம் உண்டு. 2017 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சிசிகிளீனர் என்ற பிரபலமான கிளீனரின் 5.33 பதிப்பில் யாரோ தீநிரலைச் செருகிவிட்டார்கள். அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து, முறையான டிஜிட்டல் கையெழுத்துடனே அது 20 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளுக்குப் போனது. தேவையில்லாத நிரல் ஒவ்வொன்றும் வேகத்தைத் தின்கிறது, திருடன் நுழைய இன்னொரு வழியாகவும் இருக்கிறது. காலாவதியான இலவச ஆன்டிவைரஸ், பிரிண்டருடன் வந்த ஐந்தாறு துணை நிரல்கள், யாரும் தொடாத டூல்பார் என்று நீக்கிக்கொண்டே வந்தால் இரண்டு காரியமும் ஒன்றாக முடியும். எனக்குத் தெரிந்து இதைவிட லாபமான வேலை உங்கள் தொழிலில் இல்லை.

அப்டேட்டை அணைப்பவர்களுக்கு 2017 மே 12 நினைவிருக்கும். வானாக்ரை என்ற தீநிரல் அன்றுதான் பரவியது. விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு நெறியில் இருந்த ஓட்டை வழியாக, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே, ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குத் தானாகத் தாவியது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் (திருத்த அப்டேட்) மார்ச் 14 அன்றே வந்துவிட்டது, அதாவது கிட்டத்தட்ட இரண்டு மாதம் முன்பே. மாட்டிக்கொண்டவை எல்லாம் கைவிடப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பி என்றுதான் பலர் இன்றும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அப்போதும் பாதுகாப்பு அப்டேட் கிடைத்துக்கொண்டிருந்த ஓ.எஸ்., அதைப் போடாமல் விட்டவை. வேலை நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகித் தொலைக்கிறது என்பதுதான் எரிச்சல் என்றால், அந்த நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகாதபடி 'ஆக்டிவ் ஹவர்ஸ்' அமைத்துக் கொடுங்கள். அணைக்க வேண்டிய அவசியம் இல்லை.

இப்போதுள்ள சிக்கல் இன்னும் பெரியது. 2025 அக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக அறிவித்தார்கள், அவ்வளவுதான். விண்டோஸ் 11 கேட்பதோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் ஏறத்தாழ 2017, 2018 முதல் வந்த பிராசசர்களும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் இதனால் ஒரே நாளில் 'பழசு' ஆகின்றன. இந்த முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அதற்குப் பதிலாக நீங்கள் கையாளும் வழி, இந்தத் தகுதிகள் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐத் திணிப்பது. முடியும், தெரியும். அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, பாப்கவுன்ட் என்ற பிராசசர் கட்டளை இல்லாத மிகப் பழைய பிராசசர்களில் அது பூட்டே ஆகாது. திணித்துத்தான் கொடுப்பீர்கள் என்றால் அதை உரியவரிடம் சொல்லிவிட்டாவது செய்யுங்கள்.

பிரவுசர், மின்னஞ்சல், வீடியோ, எப்போதாவது ஒரு கடிதம் டைப் செய்வது, இவ்வளவுதான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட், அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுக் கொடுக்கலாம். 4 ஜிபி ராமில் இயல்பாக ஓடும், உரிமத்துக்குத் திருட்டு வழி தேட வேண்டியதில்லை, அப்டேட்டும் தடையில்லாமல் வரும். நிறுவும் முன் பென் டிரைவிலிருந்தே பூட் செய்து வைஃபை, பிரிண்டர், ஒலி எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கணக்குவழக்கு மென்பொருள், டிஜிட்டல் கையெழுத்துச் சாவி என்று விண்டோஸில் மட்டுமே ஓடும் ஏதாவது அவர்களுக்குத் தேவையா என்று முதலில் கேட்டுவிடுங்கள். கேட்காமல் மாற்றினால் திட்டு உங்களுக்கும் விழும், லினக்ஸுக்கும் விழும்.

இயங்குதளம் எதுவாக இருந்தாலும் கொடுத்தனுப்பும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அட்மின் கணக்கைத் தனியாக வைத்துவிட்டு, தினசரிப் புழக்கத்துக்குச் சாதாரணக் கணக்கு ஒன்று உருவாக்குங்கள். வெளி டிஸ்க் ஒன்றில் பேக்கப் எடுத்துவிட்டு அதைக் கழற்றி வைக்கக் கற்றுக்கொடுங்கள், மாட்டியே வைத்திருந்தால் வானாக்ரை போலக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். பாஸ்வேர்டை ஸ்டிக்கரில் எழுதி லேப்டாப் மேல் ஒட்டும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். எதை நிறுவினீர்கள், எதை நீக்கினீர்கள், எதை அணைத்தீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். அடுத்து அந்தக் கணினியைத் திறப்பவருக்கு, அது நீங்களே ஆனாலும், அரை நாள் வேலை மிச்சம்.

கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கை உரியவர் கேட்காவிட்டாலும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்று விட்டுப்போனால், மறுபடி விற்கும் முன் முழுவதையும் மேலெழுதி அழியுங்கள். குவிக் ஃபார்மட் போதாது, அதற்குப் பிறகும் கோப்புகளை மீட்க முடியும் என்பது உங்களுக்கே தெரியும்.

இப்படிக்கு,
உங்களிடமிருந்து திரும்பி வரும் கணினிகளைத் திறந்து பார்க்கும் ஒருவர்