உன் வீட்டு மஞ்சள் எறும்பும் எங்கள் காட்டு மஞ்சள் எறும்பும்

இரத்தினபுரி

அன்பின் சிவா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. மலருக்கு முழங்கால் வலி குறைந்து, கோயில் வரை நடந்து போகிறாள் என்று எழுதியிருந்தாய். வாசித்ததும் மனம் ஆறியது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் வேலை மாறிக் கொழும்புக்குப் போய்விட்டான், சனிக்கிழமைகளில் வருகிறான். மழை விடுவதாக இல்லை. களு கங்கை ஏறுகிறதா என்று இரவில் ஒரு தடவை எழும்பிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறோம்.

சரி, நீ அனுப்பிய படத்துக்கு வருகிறேன். குசினியில் சீனிப் போத்தலைச் சுற்றி வரும் குட்டி மஞ்சள் எறும்பைப் படம் எடுத்து, "நீ ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிற எறும்பு இதுதானா?" என்று கேட்டிருக்கிறாய். இது அது இல்லை. ஆனால் நீ கேட்டது எனக்கு மிகவும் சந்தோஷம். எப்படித் தெரியும் என்று நீ கட்டாயம் அடுத்த கேள்வி கேட்பாய், அதனால் அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

நிறத்தை முதலில் மறந்துவிடு. மஞ்சள் எறும்புகள் எத்தனையோ இனங்கள். வீட்டிலும் இருக்கும், தோட்டத்து மண்ணுக்குள்ளும் இருக்கும், உக்கிய மரத்திலும் இருக்கும். நான் முதலில் பார்ப்பது இடுப்பு. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே முடிச்சுப் போல ஒரு கணு இருக்கிறதா, இரண்டா? உன் படத்தில் பக்கவாட்டாக நிற்கும் எறும்பில் இரண்டு கணுக்கள் தெளிவாகத் தெரிகின்றன. அந்த ஒன்றே போதும். உன் வீட்டுக்காரர் பாரோ எறும்பாகத்தான் இருக்க வேண்டும், மொனோமோரியம் பாரோனிஸ். மனிதர்களோடு கப்பல் ஏறி உலகம் முழுக்கப் பரவிய இனம் அது. நான் சொல்வது அனியூரிட்டஸ் சைமோனி. அதற்கு ஒரே ஒரு கணு.

ஒரு கணு மட்டும் என்றாலும் பாதை இன்னும் மூன்றாகப் பிரியும். வயிற்றின் நுனியைப் பார்க்க வேண்டும். முசுறு, கட்டெறும்பு வகைகளில் அங்கே கொடுக்குக்குப் பதிலாக அமிலம் பீச்சும் சின்ன வட்டத் துவாரம் இருக்கும், பெரும்பாலும் அதைச் சுற்றி மயிர் வட்டம். நசுக்கினால் ஒரு மாதிரி நாற்றம் வரும் குட்டி எறும்பு வீட்டில் ஓடுமே, தலை கறுப்பும் வயிறும் காலும் வெளிறியதுமாக, அது டோலிகோடெரினே என்ற கூட்டம். அதற்கு அந்த இடத்தில் வெறும் கீறல்தான் இருக்கும், கொட்டத் தெரியாது. கொடுக்கும் இருந்து ஒற்றைக் கணுவும் இருந்தால் பொனரினே என்ற வேட்டைக்கார எறும்புகள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அவற்றின் கணு தடித்துத் திரண்டிருக்கும், பெரும்பாலானவற்றில் வயிற்றின் முதல் வளையத்துக்கும் இரண்டாவதற்கும் இடையில் ஓர் இறுக்கம் தெரியும்.

அனியூரிட்டஸ் இந்த மூன்றிலும் அடங்காது. கொடுக்கு இருக்கிறது. கணு ஒன்றுதான், அது நீண்ட மெல்லிய காம்பின் முனையில் மேடாக எழும்பி நிற்கிறது. வயிற்றில் இறுக்கம் இல்லை. மார்பின் பின்பக்கம், காம்புக்கு மேலே, இரண்டு கூரிய முட்கள். உணர்கொம்பில் 12 துண்டுகள். உடம்பு வெளிர் மஞ்சள், நீளம் இரண்டு மூன்று மில்லிமீற்றர். ஒரே கூட்டில் வேலைக்காரிகள் இரண்டு அளவில் இருக்கும். சின்னவைதான் அதிகம், பெரிய தலையோடு சில மட்டும். இதில் ஒவ்வோர் அடையாளமும் தனித்தனியாக வேறு எறும்புகளிலும் உண்டு. முள் உள்ளவை நிறைய, கொடுக்கு உள்ளவை அதைவிட நிறைய. எல்லாம் ஓர் உடம்பில் சேர்ந்து வருவதைப் பார்க்கும்போதுதான் இது அதுதான் என்று நிச்சயமாகச் சொல்ல முடிகிறது. நான் பள்ளிக்கூடத்தில் இனங்காணல் சுட்டி என்று பாடம் எடுத்த காலத்தில் இப்படி ஓர் உதாரணம் கையில் இல்லாமல் போய்விட்டதே என்று இப்போது ஆதங்கமாக இருக்கிறது. புத்தகத்தில் இருந்ததெல்லாம் எங்கோ ஒரு நாட்டுப் பூச்சிகள். இதுவோ எங்கள் ஊர்க் காட்டின் சருகுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அதன் கதையை உனக்கு முழுதாகச் சொன்னேனா தெரியவில்லை. 1892 தை, மாசியில் யூஜீன் சிமோன் என்ற பிரெஞ்சுக்காரர் இலங்கைக்கு வந்தார். அவர் சிலந்தி ஆராய்ச்சியாளர், அந்தத் துறையில் பெரிய பெயர். சிலந்தியோடு எறும்புகளையும் சேர்த்துக்கொண்டு போனார். அந்த எறும்புகள் இத்தாலியில் கார்லோ எமெரி என்ற எறும்பு ஆய்வாளரின் கைக்குப் போயின. 1893இல் எமெரி அவற்றை விவரித்து எழுதியபோது இந்த எறும்புக்குப் புதிதாக ஒரு பேரினமே தேவைப்பட்டது. சேகரித்தவரின் பெயரையே இனத்துக்கு வைத்தார். பிறகு அதை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்று ஒரு நீண்ட இழுபறி. டோலிகோடெரினேக்கள் பக்கத்தில் வைத்தார்கள், ஆனால் அந்தக் கூட்டத்தில் எதற்குமே இப்படி ஒரு கொடுக்கு இல்லை. 1951இல் ஆஸ்திரேலிய எறும்புகளை ஆராய்ந்த ஜோன் கிளார்க் இதற்குத் தனித் துணைக்குடும்பமே கொடுத்தார்: அனியூரிட்டினே.

இன்று உலகத்தில் உயிரோடு இருக்கும் எறும்புகளை 16 துணைக்குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள். அதில் ஒன்று முழுக்க இந்த ஒரே இனம்தான், அதுவும் இலங்கையில் மட்டும். முன்பு அப்படி இருக்கவில்லை. பால்டிக் கடற்கரையில் கிடைக்கும், ஏறத்தாழ 4 கோடி ஆண்டு பழைய அம்பருக்குள், அதாவது கல்லாக இறுகிய மரப்பிசினுக்குள், இதன் உறவுகள் அகப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவின் கொலராடோவில் புளோரிசன்ட் என்ற இடத்துப் பாறைப் படிவங்களிலும் கிடைத்திருக்கின்றன. அவ்வளவு தூரம் பரவியிருந்த ஒரு பெருங்குடும்பத்தின் மிச்சம் எங்கள் ஈரவலயக் காட்டில் உக்கிய குச்சிக்குள் குடியிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

எமெரிக்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த எறும்பு எப்படி வாழ்கிறது என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. 1955இல் எட்வர்ட் வில்சன் என்ற அமெரிக்க எறும்பு ஆய்வாளர் இதைத் தேடியே இங்கே வந்தார். அப்போது அவருக்கு 26 வயது. நியூகினி, ஆஸ்திரேலியா எல்லாம் சுற்றிவிட்டு ஊருக்குத் திரும்பும் வழி. கண்டி உடவத்தகெலைக் காட்டில் தேடினார், அகப்படவில்லை. அப்புறம் இரத்தினபுரிக்கு வந்தார். இங்கே கீழே கிடந்த ஒரு குச்சியை ஒடித்தபோதுதான் மஞ்சள் எறும்புகள் வெளியே கொட்டின. பிறகு சிவனொளிபாத மலைப் பக்கத்துக் காட்டில் இன்னும் நிறையக் கண்டார். அடுத்த ஆண்டே தாமஸ் ஐஸ்னர், வீலர் தம்பதியினர் ஆகியோரோடு சேர்ந்து விரிவான ஆய்வை வெளியிட்டார். புற உடம்பு, உள் உறுப்பு, புழுப்பருவம் என்று ஒவ்வொன்றையும் பார்த்திருக்கிறார்கள். ஓர் இனத்தை விவரிப்பது என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். பெயர் வைப்பதோடு வேலை முடிவதில்லை. எமெரி மேசையில் இருந்தது ஊசியில் குத்திய காய்ந்த உடம்பு. கூடு எங்கே, எத்தனை பேர், எதைக் கண்டு பயப்படும் என்பதெல்லாம் காட்டில் குனிந்து பார்த்தவர்கள் சேர்த்தது.

அந்தக் குனிந்து பார்க்கும் வேலையில் நம்மவர் பங்கு பெரியது. நம் நாட்டு ஜயசூரியவும் அமெரிக்கரான ட்ரானியெல்லோவும் இரத்தினபுரிப் பக்கத்துக் கிலிமலைக் காட்டில் இதன் வாழ்க்கையைப் படித்து 1980களில் எழுதினார்கள். கூடு சின்னது, ஒரு முழுக் குடும்பமும் தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். இரை கண்டவள் வயிற்றின் அடிப்பக்கச் சுரப்பியால் வாசனைத் தடம் போட்டுத் தோழிகளைக் கூட்டிவருகிறாள். ஆபத்து என்றால் வயிற்றின் மேல்பக்கச் சுரப்பி எச்சரிக்கை வாசனை விடுகிறது. உன் வீட்டில் நசுக்கினால் நாறும் அந்தக் குட்டி எறும்பு இருக்கிறதே, அதன் நாற்றமும் அதே மேல்பக்கச் சுரப்பியிலிருந்துதான் வருகிறது. கொடுக்கை இழந்த டோலிகோடெரினேக்கள் அந்தச் சுரப்பியைப் பெரிய ஆயுதமாக்கிக்கொண்டன. அனியூரிட்டஸிடம் கொடுக்கும் இருக்கிறது, அந்தச் சுரப்பியும் இருக்கிறது. பின்னாளில் மரபணுவை ஒப்பிட்டவர்களும் இவை இரண்டும் உடன்பிறப்புக் கிளைகள் என்றே கண்டார்கள். வயிற்றின் நுனியை உற்றுப் பார்த்தவர்கள் நூறு ஆண்டுக்கு முன்னரே அந்த உறவை மோப்பம் பிடித்துவிட்டார்களே, அதை நினைத்தால் எனக்கு வியப்புத் தீரவில்லை.

போன மாதம் ஒரு பல்கலைக்கழக மாணவி அனுமதிப் பத்திரத்தோடு இங்கே சருகெறும்புக் கணக்கெடுப்புக்கு வந்தாள். நம் தோட்டத்துப் பிள்ளை, என்னிடம் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். "சேர், நீங்களும் வாங்கோ" என்று கூப்பிட்டாள், போனேன். சருகை அள்ளிச் சல்லடையில் அரித்து, விழுந்ததை வெள்ளைத் தட்டில் பரப்பி, உறிஞ்சு குழாயால் ஒவ்வொன்றாக எடுக்கிறாள். உக்கிய குச்சிகளைத் தட்டுக்கு மேலே பிடித்து மெதுவாகப் பிளக்கிறாள். இரண்டு பக்கமும் அட்டைகள். ஒரு குச்சிக்குள் மஞ்சள் கூட்டம் ஒன்று வந்தது. வெண்ணிறப் புழுக்களைத் தூக்கிக்கொண்டு ஓடின. அவள் ஒன்றும் சொல்லவில்லை, சிலவற்றை மட்டும் அற்ககோலில் போட்டு, மீதியைக் குச்சியோடு எடுத்த இடத்திலேயே வைத்து மூடினாள்.

சாயங்காலம் என் பழைய நுணுக்குக்காட்டியை எடுத்து வைத்தோம். முக்கோணமாக வெட்டிய சின்னக் கடதாசி நுனியில் பசைத் துளி வைத்து எறும்பை ஒட்டினாள். முதலில் இடுப்பு, அப்புறம் வயிற்று நுனி, அப்புறம் முட்கள். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். கடைசியில் "அனியூரிட்டஸ்தான் சேர்" என்றாள். நான் எழும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை ஆண்டுப் படிப்பித்தலில் எனக்கு இதைவிடப் பெரிய நாள் இல்லை, சிவா.

கவலையும் இருக்கிறது. 1996இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிட்டது. பின்னர் களனிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிறியாணி டயஸ் போன்றவர்கள் தேடித்தேடி வேறு இடங்களிலும் கண்டார்கள், அது ஆறுதல். ஆனாலும் எல்லாம் ஈரவலயத்துக் காடுகள்தான். தேயிலைக்கும் இறப்பருக்கும் வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள். உக்கும் மரமும் ஈரச் சருகும் இல்லாத இடத்தில் இதற்கு வீடில்லை. யானைக்குப் பரிந்து பேச ஆயிரம் பேர் வருவார்கள். மூன்று மில்லிமீற்றர் உயிருக்கு வர வேண்டுமென்றால், முதலில் அதை இன்னதென்று அடையாளம் கண்டு சொல்லத் தெரிந்தவர்கள் வேண்டும். அந்தப் பிள்ளையைப் போல ஊருக்கு ஒருத்தி இருந்தால் எனக்கு நிம்மதி.

உன் பேரப்பிள்ளைக்கு எறும்பில் ஆர்வம் என்று எழுதியிருந்தாய் அல்லவா? பத்து மடங்கு கைவில்லை ஒன்று வாங்கிக் கொடு. குசினி எறும்பின் இடுப்பைப் பார்த்துக் கணு எத்தனை என்று படம் கீறச் சொல். மட்டக்களப்பு வறண்ட வலயம், அங்கே அனியூரிட்டஸ் கிடைக்காது. ஆனால் முற்றத்திலேயே பல வகை இருக்கும், எல்லாவற்றையும் கீறட்டும். கீறிய தாள்களை எனக்கு அனுப்பு, நான் பெயர் எழுதித் திருப்பி அனுப்புகிறேன்.

ஆவணி விடுமுறைக்கு மூவரும் இங்கே வாருங்கள். மலருக்கு ஏற்றம் கஷ்டம் என்றால் அவள் வீட்டில் என் மனைவியோடு இருக்கட்டும், நீயும் பிள்ளையும் என்னோடு வாருங்கள். காட்டில் நாம் எதையும் எடுக்க முடியாது, ஓரத்துப் பாதையில் நடந்து பார்க்கத்தான் முடியும். அட்டைக்குப் போடும் நீளக் காலுறை அங்கே கிடைக்காவிட்டால் அளவை எழுதி அனுப்பு, இங்கே தைத்து வைக்கிறேன்.

அன்புடன்,
ராஜன்