கருத்தரங்கம் நடத்தும் தமிழ்த்துறைகளுக்கு: படங்களுக்கும் ஒரு விதிமுறை வேண்டும்

மதிப்பிற்குரிய துறைத்தலைவர்களுக்கும் கருத்தரங்க ஒருங்கிணைப்பாளர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் வெளியிடும் ஆய்வுக்கோவைகளுக்குப் பக்கம் வடிவமைத்து அச்சகத்துக்கு அனுப்பும் தொழில் என்னுடையது. உங்கள் அறிவிப்பு மடல்களில் கட்டுரைக்கான விதிமுறைகள் என்று ஒரு பகுதி இருக்கும். ஏ4 தாள், யூனிகோடு எழுத்துரு, எழுத்தளவு 12, வரி இடைவெளி 1.5, இத்தனை பக்கங்களுக்கு மிகாமல். எந்தக் கல்லூரி அறிவிப்பை எடுத்தாலும் ஏறக்குறைய இதே வரிகள்தான். உண்மையைச் சொன்னால், யூனிகோடைத் தவிர இதில் எதுவும் எனக்குப் பெரிதாகப் பயன்படுவதில்லை. ஏ4-இல் வருவது அதைவிடச் சிறிய டெமி அளவுப் புத்தகமாகப் போகப் போகிறது. எழுத்தளவையும் இடைவெளியையும் எப்படியும் நான் மாற்றித்தான் ஆகவேண்டும். என்னால் சரிசெய்யவே முடியாமல் வந்து சேர்வது படம். அதைப் பற்றித்தான் அந்த விதிமுறையில் ஒரு வரிகூட இருப்பதில்லை.

நடுகல், கல்வெட்டு மைப்படி (கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எடுக்கும் படி), பானை ஓட்டில் கீறிய தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்து, ஓலைச்சுவடியின் ஒரு பக்கம் என்று கட்டுரைகளில் படங்கள் இப்போது நிறையவே வருகின்றன. இவை அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல, சான்றுகள். கல்வெட்டின் மூன்றாம் வரியைத் தான் இப்படி வாசித்ததாகக் கட்டுரையாளர் எழுதுகிறார். அச்சில் அந்த வரி சாம்பல் புகையாக இருந்தால், வாசிப்பைச் சரிபார்க்க யாருக்கும் வழியில்லை.

படம் கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் அச்சகம் இல்லை. கைபேசியில் நன்றாக எடுத்த படம் வாட்ஸ்அப்பில் போகும்போது சுருங்குகிறது. அப்புறம் வேர்டில் ஒட்டுகிறார்கள். சேமிக்கும்போது வேர்டும் தன் பங்குக்குச் சுருக்குகிறது. பல பதிப்புகளில் தானாக அமைந்திருக்கும் அளவு அங்குலத்துக்கு 220 புள்ளி. அச்சுக்குப் பொதுவாகக் கேட்பது 300. நாலு அங்குல அகலத்தில் ஒரு படம் தெளிவாக வர 1200 புள்ளிகள் வேண்டும். மூலையைப் பிடித்து இழுத்தால் படம் பெரிதாகும், புள்ளிகள் கூடாது. டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. பெயரின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே மீடியா என்ற உறையில் படங்கள் தனித்தனியாக இருக்கும். நானும் அங்கேதான் தேடுகிறேன். அங்கேயே சுருங்கிக் கிடந்தால் என்ன செய்வது?

சில நேரம் அங்கே தேவைக்கு அதிகமாகவும் இருக்கும். வேர்டில் கிராப் செய்த பகுதி, தனியாக நீக்கச் சொல்லாவிட்டால், கோப்புக்குள்ளேயே தங்கிவிடும். நடுகல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் குடும்பத்தாரை வெட்டிவிட்டதாகக் கட்டுரையாளர் நினைத்திருப்பார். எங்களுக்கு எல்லோரும் முழுசாகத் தெரிவார்கள்.

அடுத்தது, படம் நிற்கும் இடம். விரும்பிய இடத்துக்கு நகர்த்த வசதியாக இருக்கிறதென்று படம் எழுத்துக்கு மேல் மிதக்கும் ‘இன் ஃப்ரன்ட் ஆஃப் டெக்ஸ்ட்’ அமைப்பை வைத்துவிடுகிறார்கள். கீழே தலைப்பை நடுவில் கொண்டுவர ஸ்பேஸ் பார், இடம் விட என்டர். அவர்கள் திரையில் அழகாகத்தான் இருக்கும். தாள் டெமிக்குச் சுருங்கியதும் படம் ஒரு பக்கம், தலைப்பு ஒரு பக்கம், நடுவில் யாருடையதென்று தெரியாத வெற்றிடம். ‘மேலே உள்ள படத்தில் காண்க’ என்று எழுதியிருப்பார். மேலே ஒன்றும் இருக்காது.

இதில் விதிமுறையே கெடுக்கும் இடமும் உண்டு. சில அறிவிப்புகள் வரி இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ 18 பாயின்ட் என்று கேட்கின்றன. அப்படி வைத்த பத்தியில் வரியோடு வரியாகப் படத்தைச் செருகினால், அந்த 18 பாயின்ட் உயரத்துக்கு ஒரு கீற்று மட்டும்தான் தெரியும். படத்துக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து மிதக்க விடுகிறார்கள். படம் இருக்கும் பத்திக்கு மட்டும் இடைவெளியை ‘சிங்கிள்’ ஆக்கினால் போதும். இதை அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

அட்டவணையையே படமாக எடுத்து ஒட்டுவது இன்னொரு பழக்கம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியது வேறு கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறிய காலத்தின் மிச்சம் இது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது, இன்னும் அந்தப் பயம் போகவில்லை. படமாகிப்போன அட்டவணையில் புரூஃப் திருத்த முடியாது, தேட முடியாது. தொகுப்பின் மின்பதிப்பைத் திரைவாசிப்பானில் கேட்கும் பார்வையற்ற மாணவருக்கு அந்த இடத்தில் வெறும் மௌனம்தான்.

ஆகவே அடுத்த அறிவிப்பில் ஒரு பத்தி சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். படங்களைக் கட்டுரைக்குள் வைப்பதோடு, கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பையும் தனியாக மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் என்றால் ‘டாக்குமென்ட்’ ஆக. கோப்பின் பெயரில் படத்தின் எண் இருக்கட்டும். கட்டுரைக்குள் படம் தனிப் பத்தியில், ‘இன் லைன் வித் டெக்ஸ்ட்’ அமைப்பில் நிற்கட்டும். தலைப்பை ‘இன்சர்ட் கேப்ஷன்’ வழியாகச் சேர்த்து, ‘மேலே’, ‘கீழே’ என்பதை விட்டு ‘படம் 3’ என்று எண்ணால் குறிக்கட்டும். அட்டவணை அட்டவணையாகவே வரட்டும். படம் எடுத்தவர் பெயரையும் கேளுங்கள். பல தொகுப்புகளில் அது விடுபட்டுப்போகிறது.

எழுத்தளவு விதியை எடுத்துவிட்டால் இந்தப் பத்திக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். பக்க வரம்பு உங்கள் செலவுக் கணக்கு, அதில் நான் தலையிடவில்லை.

தலைப்புகளுக்கும் படத்தலைப்புகளுக்கும் ஸ்டைல்கள் முன்பே அமைத்த ஒரு வேர்டு மாதிரிக் கோப்பு என்னிடம் இருக்கிறது. கேட்கும் துறைக்குக் கட்டணமில்லாமல் தருகிறேன். தொகுப்பு டெமியா கிரவுனா என்பதை மட்டும் அறிவிப்பு அச்சாகும் முன் முடிவு செய்து சொல்லிவிடுங்கள். அதற்கேற்பப் பக்க அளவை மாற்றித் தரவேண்டும்.

அன்புடன்,
பக்க வடிவமைப்பாளர் ஒருவர்,
மதுரை